வரப்பில் போட்ட கோடு

எங்கள் பக்கம் சைக்கிளில் வர நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மேடு கிடையாது. கிழக்கே கடல், அதை ஒட்டிப் பெரிய ரோடு, ரோட்டுக்கு மேற்கே கால்வாய், அதற்கும் மேற்கே உப்பளம், உப்பளம் முடிகிற இடத்தில் கழுவெளி ஏரி. எல்லாம் ஒரே மட்டம். மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. காலை ஒன்பதுக்கு மேல் கடலிலிருந்து அது கிளம்பிவிட்டால் முப்பது வயதுக்காரனும் கிழவன் மாதிரிதான் மிதிப்பான். விடியும்போதே புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு.

எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. இருபது வருடத்துக்கு மேல் மரக்காணத்தைச் சுற்றியுள்ள குப்பங்களுக்குக் கேபிள் டிவி லைன் பார்த்தவன். முதலாளி வேறொருவர். ஏணியைத் தோளில் மாட்டி, ஒயர் சுருளைக் கேரியரில் கட்டி, கால்வாய்க் கரை, உப்பள வரப்பு, சவுக்குத் தோப்பு என்று சைக்கிளிலேயே சுற்றினேன். எக்கியார்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் நின்றுவிட்டால் நான் போய்ச் சேருவதற்குள் தெருவே வெளியே வந்து நிற்கும். ஆளாளுக்குத் திட்டுவார்கள். படம் வந்ததும் அவர்களே டீ கொடுப்பார்கள். என் பெயர் பலருக்குத் தெரியாது. கேபிள்காரர், அவ்வளவுதான்.

இப்போது எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். முதலாளி மொட்டைமாடி டிஷ்ஷைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத் திண்டிவனத்தில் வேறு வியாபாரம் தொடங்கிவிட்டார். கம்பத்துக்குக் கம்பம் நான் இழுத்த ஒயர் இன்னும் தொங்குகிறது, அதில் காக்கை உட்காருகிறது. எந்த வீட்டிலும் என்னை எதிர்பார்ப்பதில்லை. திட்டுவதற்குக்கூட ஆளில்லை என்பது எவ்வளவு பெரிய குறை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். பிள்ளை இப்போது ஓடுகிறது. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே அவள் தேவைப்படுகிறாள், இங்கே நான் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்டீங்களா?" என்பாள். "சாப்டேன்" என்பேன். "சரி, கொழந்த எழுந்துடுச்சி, வெச்சிடட்டா?" என்பாள். சில நாட்களில் அன்று முழுக்க நான் வாய் திறந்தது அந்த ஒரு வார்த்தைக்காக மட்டும்தான் இருக்கும்.

வெறுமனே வீட்டில் உட்கார முடியாமல் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய லைன் வழியிலேயே போய் வருவேன். வேலை எதுவும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்வாய் மதகின் மேல் உட்கார்ந்திருந்தபோது, தலையில் ஹெல்மெட்டும் முதுகில் தண்ணீர்ப் பையுமாக ஆறு பேர் வழி தெரியாமல் வந்து நின்றார்கள். பெரிய ரோட்டில் லாரிக்குப் பயந்து கால்வாய்க் கரைக்கு இறங்கியிருக்கிறார்கள். கரை ஓரிடத்தில் அறுந்திருந்ததால் கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு டயர் பஞ்சர்.

"அண்ணா, இந்தக் கரையிலயே போனா ரோடு புடிக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். புதுச்சேரி பக்கம் இடையஞ்சாவடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர் என்று பிறகு தெரிந்தது.

"புடிக்கலாம். ஆனா நீங்க புடிக்க மாட்டீங்க. வாங்க" என்று என் சைக்கிளை முன்னால் விட்டேன்.

அன்று தொடங்கியது. ஏறக்குறைய ஒரு வருடம், ஞாயிறு தவறாமல் அந்த ஆறு பேர் வந்தார்கள். கடைக்காரரைத் தவிர புதுச்சேரியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மா ஒருவர். மற்ற நால்வரும் ஆபீஸ் வேலைக்காரர்கள், வழியில் அதிகம் பேசமாட்டார்கள், டீக்கடையில் நிறையப் பேசுவார்கள். இருட்டு பிரிகிற நேரத்தில் புதுச்சேரியிலிருந்து கிளம்பி, கீழ்புத்துப்பட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, ஏழு மணிக்கு மரக்காணம் பாலத்தடியில் நிற்பார்கள். நான் ஆறரைக்கே போய் நிற்பேன். அதை அவர்களிடம் சொன்னதில்லை.

அவர்களுக்கு நான் காட்டிய வழிகள் எந்த மேப்பிலும் கிடையாது. கால்வாய்க் கரையில் எந்தப் பக்கம் மண் இறுகியிருக்கும், எந்த மாதத்தில் எந்த மதகில் தண்ணீர் ஏறும், கழுவெளியில் பூநாரை எந்தத் திட்டில் இறங்கும், எந்த ஊர் நாய்கள் குரைக்கும், எவை கடிக்கும் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஏணியோடு போனவனுக்கு ஊரின் ஒவ்வொரு பள்ளமும் தோளில் தெரியும். டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் "சூப்பர்ண்ணா" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு புதன்கிழமை வரை ஓட்டிவிடுவேன். வியாழன், வெள்ளி, சனிதான் கஷ்டம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர்களுடைய சைக்கிள்களை ஒரு கையால் தூக்கிவிடலாம். என்னுடையது கறுப்பு நிறத்தில் கனமான பழைய வண்டி. முன்னால் நான் போவதாகத் தோன்றினாலும், உண்மையில் அவர்கள் எனக்காக மெதுவாக வந்தார்கள். எனக்கு அது தெரியும். தெரியாத மாதிரி மிதித்தேன்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் டீக்கடையில் கடைக்காரர் பேச்சை எடுத்தார். கழுவெளியை முழுதாக ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. கால்வாய்க் கரையில் ஆரம்பித்து, உப்பளம் தாண்டி, ஏரிக்கு மேற்கே ஊர் ஊராகப் போய், கடைசியில் கீழ்புத்துப்பட்டில் பெரிய ரோட்டைப் பிடிக்கிற வழி. அந்த வழியை முதலில் அவர்களிடம் சொன்னவனே நான்தான். எப்போது போகலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்.

"வீட்லருந்து வீட்டுக்கு தொண்ணூறு கிலோமீட்டர் வருதுண்ணா. வெயில்ல நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? மேப்புல கோடு மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. நாங்க பாத்துப் போயிக்கிறோம்."

"ஆமாண்ணா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டரம்மா.

"அதுக்கின்னா, போட்டுத் தர்றேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காது எரிந்தது. ரெஸ்ட் எடுக்கச் சொல்ல இவர்கள் யார்? வாரத்தில் ஆறு நாள் நான் எடுப்பது ரெஸ்ட் இல்லாமல் வேறென்ன? ஆற்றைத் தாண்டும்வரை அண்ணா, தாண்டியபின் கோடு போதும். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்காரரே முன்பு என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தார். மேப்பைத் திறந்து விரலால் இழுத்தால் கோடு விழும். அந்தக் கோட்டை அனுப்பினால் அவர்கள் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சின்ன மெஷினில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கே திரும்ப வேண்டும் என்று மெஷின் சொல்லும். ஆள் தேவையில்லை. இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு கோட்டை இழுத்தேன். நல்ல வழி, என் வாழ்க்கையின் மொத்த வழியும் அதில் இருந்தது. முடித்துவிட்டுப் பார்த்தபோது, இதை அனுப்பிய பிறகு இவர்கள் என்னைத் தேடி வர ஒரு காரணமும் மிச்சமில்லை என்று தெரிந்தது.

அப்போதுதான் அதைச் செய்தேன். மரக்காணத்திலிருந்து இரண்டாவது மதகில் பாதை நேராகக் கரையிலேயே போகும். என் கோட்டை அங்கே இடப்பக்கம் உப்பள வரப்பின் மேல் திருப்பிவிட்டேன். அந்த வரப்பு கொஞ்ச தூரம் போய் ஒரு பம்பு செட் கொட்டகையில் முட்டி நிற்கும். அங்கிருந்து வேறு வழி கிடையாது. நிற்பார்கள், குழம்புவார்கள், எனக்குப் போன் செய்வார்கள். என் வீட்டிலிருந்து அந்த இடம் பத்து நிமிடம். போய், "இதுக்குத்தான் நான் கூட வரணும்ங்கிறது" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போகலாம். அந்த மதகை அவர்கள் பல தடவை தாண்டியவர்கள்தான். ஆனாலும் பட்டணத்து ஆட்களுக்கு எல்லா வரப்பும் ஒன்றுதானே, ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது வெட்கமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

பொங்கல் முடிந்த ஞாயிறு அவர்கள் கிளம்பினார்கள். நான் காலையிலேயே குளித்துச் சட்டை மாற்றி, சைக்கிளுக்குக் காற்றடித்து வாசலில் நிறுத்தி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழே கால், ஏழரை. இந்நேரம் மதகைத் தாண்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். போன் அடித்தபோது என் மனதில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

"அண்ணா, கொஞ்சம் வர முடியுங்களா?" கடைக்காரரின் குரல் தணிந்திருந்தது. பின்னால் ஒரு பெண் சத்தம் போடுவது கேட்டது. "இங்க ஒரு அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்க."

சைக்கிளை எடுத்து மிதித்தேன். பாதி வழியில்தான் அது உறைத்தது. தை மாதம். பாத்தி மிதிக்கிற காலம்.

உப்பளம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மழை முடிந்து தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் தரையைக் களிமண்ணாகக் குழைத்து, வீட்டில் உள்ள அத்தனை பேரும் வரிசையாக நின்று நாள்கணக்கில் காலால் மிதிப்பார்கள். தரை கல் மாதிரி இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும், தண்ணீர் கீழே இறங்காது. வரப்புக்கும் புதுச் சேறு பூசுவார்கள். மிதித்து முடித்ததும் வரப்பின் தலைமாட்டில் ஒரு குச்சியை நட்டுப் பழைய துணியைக் கட்டிவிடுவார்கள். அந்தத் துணியை அவிழ்க்கும்வரை பாத்தியில் யாரும் காலை வைக்கக் கூடாது. சொந்தக்காரரே சுற்றிக்கொண்டுதான் போவார். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஏணியோடு இருபது வருடம் சுற்றிய எனக்கு, வீட்டில் உட்கார்ந்து விரலால் கோடு இழுத்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை. என் கண்ணில் இருந்தது வெயிலில் காய்ந்த பழைய வரப்பு.

மதகில் இறங்கிப் பார்த்தேன். வரப்பில் பூசியிருந்த சேறு முழுக்க டயர் தடமாகக் கிழிந்திருந்தது. நடுவில் வழுக்கி இரண்டு பேர் சைக்கிளோடு பாத்திக்குள் விழுந்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்க மற்றவர்கள் இறங்கியிருக்கிறார்கள். பெடலில் மாட்டிக்கொள்வதற்காக அவர்கள் ஷூவின் அடியில் இரும்புப் பட்டை வேறு. பிறகு வந்த வழியே போக முடியாமல் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த பாத்தி வழியாகவும் நடந்திருக்கிறார்கள். இறுகிக்கொண்டிருந்த இரண்டு பாத்தியும் மாட்டுச் சந்தை நடந்த இடம் போலிருந்தது.

ஆறு பேரும் இடுப்புவரை சேறோடு கரையில் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பாத்திக்காரப் பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும், புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தார். அவர் வீட்டுக்கும் ஒரு காலத்தில் நான்தான் லைன் கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கேபிள்கார அண்ணா, நீயே பாரு. நானு, எங்க வீட்டுக்காரரு, எங்க நாத்தனா, மூணு பேரு நாலு நாளா மிதிச்சது. துணி கட்டியிருக்குது. கண்ணு தெரியாதா இவங்களுக்கு?"

"சாரிம்மா. எவ்ளோ ஆகுதோ நாங்க குடுத்துடுறோம்" என்றார் ஆபீஸ்காரர் ஒருவர்.

"உன் பணம் வந்து மிதிக்குமா?" என்றார் அந்தப் பெண்.

டாக்டரம்மாவின் முழங்கை உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் என்னிடம் மெதுவாக, "துணியப் பாத்தோம்ண்ணா. வழி தெரியறதுக்கு நீங்கதான் கட்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்" என்றார்.

அந்த நேரத்தில் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. "மேப்பு தப்பாக் காட்டியிருக்கும். இந்த மெஷினெல்லாம் நம்பக் கூடாது" என்றேன்.

கடைக்காரர் சேறு அப்பிய தன் மெஷினைத் துடைத்து எனக்குக் காட்டினார். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று நேராகக் கரையில் போனது, இன்னொன்று இடப்பக்கம் திரும்பியது.

"இல்லண்ணா, மெஷின் சரியாத்தான் காட்டிச்சி. நேராப் போறது நம்ம பழைய ரைடு. உங்க கூட வந்ததெல்லாம் இதுலயே பதிஞ்சி இருக்குது. இந்தப் பக்கம் திரும்புறது நீங்க அனுப்புன கோடு. ரெண்டு நிமிஷம் நின்னு பேசிப் பாத்தோம். நேராப் போலாம்னுதான் இவங்க சொன்னாங்க. நான்தான், அண்ணன் போட்டிருந்தா ஏதோ காரணம் இருக்கும், கரை அறுந்திருக்கும், அதான் மாத்தியிருக்காருன்னு சொல்லி இப்டி திருப்புனேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் தவறை விளக்குகிற மாதிரிதான் சொன்னார். ஞாபகம் இருக்காது என்று நான் நினைத்த ஆட்கள், வழி நன்றாகத் தெரிந்திருந்தும், மெஷினில் பழைய கோடு நேராகப் போகச் சொல்லியும், என் விரல் சொன்ன பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இருபது வருடம் லைன் பார்த்ததில் என்னை ஒருவரும் அப்படி நம்பியதில்லை. என் மனைவியே நம்பியதில்லை. அதைத்தான் நான் எடுத்துச் சேற்றில் போட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட வாய் திறந்தேன். "அப்டியா" என்று மட்டும்தான் வந்தது.

அவர்கள் அந்தப் பெண்ணிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனார்கள். கழுவெளிச் சுற்று அன்றோடு நின்றது. போகும்போது கடைக்காரர், "உங்கள இந்த வெயில்ல அலைய வெச்சிட்டோம்ண்ணா" என்றார். அவர் போன பிறகு மதகின் மேல் உட்கார்ந்து அழுதேன். அழுகையில் பாதி வெட்கம், பாதி, இனிமேல் எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது என்ற பயம்.

மறுநாள் காலை சைக்கிளில் அல்லாமல் நடந்தே உப்பளத்துக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கி வரிசையில் நின்றேன். பெண்ணின் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்பா, உனக்கின்னா வந்துச்சி?" என்றார். "சும்மாதான்" என்றேன். மண்ணைக் குழைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இடைவெளி விடாமல் ஒரு காலை ஒட்டி அடுத்த காலை வைத்து மிதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தொடை நடுங்கியது. உப்பு ஏறிய சேறு குதிகால் வெடிப்பில் புகுந்து எரிந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரும் உப்புதான், அதனால் அந்தப் பழமொழி எங்களுக்குப் பெரிய ஆறுதல் இல்லை.

இரண்டாம் நாள் அந்தப் பெண் என் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்தார். அவரிடம் சொல்லாமல் அவர் பாத்தியில் நிற்க முடியவில்லை.

"அந்தக் கோட்ட அப்டித் திருப்பி வெச்சது நான்தாம்மா."

"தெரியாம வெச்சியா?"

"தெரிஞ்சேதான். இங்க வந்து நிப்பாங்க, வழி தெரியாம என்னக் கூப்புடுவாங்கன்னு வெச்சேன். பாத்தி மிதிச்சிருக்கும்னு தோணல."

அவர் கால் நிற்கவில்லை. "கூப்ட்டாங்களா?" என்றார்.

"கூப்ட்டாங்க."

"அப்ப மிதி" என்றார்.

மத்தியானம் தன் தூக்குச் சட்டியிலிருந்து எனக்கும் கஞ்சி ஊற்றினார். ஐந்து நாள் மிதித்தோம். நான் நின்ற பக்கம் மட்டும் மட்டம் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, "கேபிளு மிதிச்ச எடம் தனியாத் தெரியுது" என்று சிரித்தார். வரப்பில் குச்சி நட்டுத் துணி கட்டினார்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்வது சுலபம், திட்டிவிட்டுக் கஞ்சி ஊற்றுகிற ஆள். மற்ற ஆறு பேரிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது, அடுத்த வாரமே வருவார்கள், அண்ணா என்பார்கள். பாத்தி மிதிக்கும்போதே மூன்று நாள் இதையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். மனைவி போனில் "சாப்டீங்களா?" என்றபோது முதல் தடவையாக, "அத வுடு, ஒன்னு சொல்லணும்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது, அவள் வைக்கவில்லை. கடைசியில், "ஆள் வேணும்னா வாய் தொறந்து கேக்கறதுதானே. என்கிட்டயும் நீங்க கேட்டதில்ல" என்றாள்.

எனக்கு டைப் அடிக்க வராது. என்னையும் சேர்த்திருந்த அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் குரலாகப் பேசி அனுப்பினேன். கோட்டை நானே வேண்டுமென்று திருப்பினேன், மேப்பு தப்பு என்று சொன்னது பொய், நீங்கள் இல்லாமல் எனக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது, அந்தப் பயத்தில் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ஆறு பேரும் கேட்டுவிட்டதாகப் போன் காட்டியது. அன்று முழுக்க ஒருவரும் ஒன்றும் போடவில்லை. மறுநாள் டாக்டரம்மா, "கை ஆறிடுச்சிண்ணா" என்று மட்டும் எழுதியிருந்தார். கடைக்காரரிடமிருந்து ஒன்றும் இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் பாலத்தடியில் ஆறரைக்குப் போய் நின்றுவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தேன்.

மூன்றாவது வாரம் கடைக்காரர் போன் செய்தார். குரலில் பழைய கலகலப்பு இல்லை, கோபமும் இல்லை. "அண்ணா, ஞாயித்துக்கெழம கழுவெளி போறோம். ஸ்லோவாத்தான் போறோம். நீங்களும் வர்றீங்க. கடையிலருந்து உங்களுக்கு ஒரு கியர் வண்டி எடுத்தாறேன்."

"வர்றேன்பா" என்றேன்.

அந்தக் கியர் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு பறந்தது. ஸ்லோவாகப் போவதாகச் சொல்லியிருந்தாலும், முதல் தடவையாக யாரும் எனக்காக மெதுவாகப் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது மதகில் நேராகப் போனோம். பாத்திக்காரப் பெண் தூரத்தில் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினார். உப்பளம் முடிந்து ஏரி ஓரத்துக்கு வந்தபோது தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பூநாரை நின்றது. டாக்டரம்மா வண்டியை நிறுத்திவிட்டு, "சூப்பர்ண்ணா" என்றார். என்னை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மனசு நிறைந்து மிதித்தேன்.

ஏரிக்கு மேற்கே ஒரு புளியமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் பார்க்க நல்ல தார் ரோடு, ஆனால் அது ஒரு செங்கல் சூளையோடு நின்றுவிடும். இடப்பக்கம் மண் பாதை, அதுதான் வழி. இதற்கு முன்பெல்லாம் நான் கையை நீட்டுவதற்குள்ளேயே அவர்கள் திரும்பியிருப்பார்கள். முன்னால் போய்க்கொண்டிருந்த நான் இடது கையை நீட்டி, "லெஃப்ட்டு" என்றேன்.

பின்னால் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் நின்றிருந்தார்கள். கடைக்காரர் என் கையைப் பார்த்தார், பிறகு குனிந்து மெஷினைப் பார்த்தார், விரலால் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

"ஆமாங்கண்ணா" என்றார். "லெஃப்ட்டுதான்."